கந்தையில் மலரும் கமலம்

'கந்தை' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவது வறுமையின் கோலமே. நைந்தது, கிழிந்தது, இனி உடுக்கத் தகாதது என்று ஒதுக்கப்பட்ட துணிக்கே அப்பெயரை நாம் வழங்குகின்றோம். கந்தையாயினும் தோய்த்து உடுத்தல் வேண்டும் என்று முன்னோர் நமக்கு அறிவுரை கூறிச் சென்றனர். ஆயினும் கந்தையைக் காட்டிப் பெருமை கொள்ளலாம் என்று அவர்கள் கூறியதாக நாம் அறியோம்.

கங்கையும் பிரமபுத்திராவும் கடலோடு கலக்கும் வங்காளத்திலோ நிலைமை வேறு. வடமொழியிற் 'கந்தா' என்பது ஒட்டுப்போட்ட ஆடையைக் குறிக்கும். அதுவே தமிழிற் கந்தை ஆயிற்று; வங்காள மொழியிற் 'காந்தா' ஆயிற்று. நம்மிடம் இழிவைக் குறிக்கும் அச்சொல், அங்கே பெண்கள் தம் கையால் தைத்துத் தம் மக்களுக்கு அளிக்கும் அருமையான போர்வையைக் குறிக்கின்றது. கிழிந்த சேலைகளை அடுக்கித் தைத்த அப்போர்வைகள் இன்று உலகின் பெரிய அரும்பொருட்சாலைகளிலே கண்ணாடிப் பேழைகளுக்குள் இடம்பெற்றிருக்கின்றன. கந்தை கலையானது எவ்வாறு? அதனைத் தைத்த கைகளுக்கு அக்கலை அளித்தது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

பழஞ்சேலையின் மறுபிறவி

காந்தா செய்வதற்குப் புதுத்துணி வேண்டியதில்லை. புதுத்துணி உகந்ததும் அன்று. பன்முறை துவைத்துக் கஞ்சிப்பசை முற்றாக நீங்கி, மேனியிற் பட்டாற் பஞ்சுபோல் மென்மையாக இருக்கும் பழைய பருத்திச் சேலைகளும் வேட்டிகளுமே அதற்கு ஏற்றவை. வங்கத்து நாட்டுப்புறப் பெண்கள் உடுத்த சேலை பெரும்பாலும் வெள்ளை உடலும் வண்ணக் கரையும் உடையது. உடற்பகுதி போர்வையின் தளமாகும். கரைப்பகுதி அதன் ஓவியத்துக்கு வேண்டிய நூலாகும். கரையிலுள்ள நீல, சிவப்பு இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, அவற்றையே ஊசியிற் கோத்துப் பூத்தையல் போட்டனர். ஆகவே அப்போர்வைக்குக் கடையிலே வாங்க வேண்டியது ஊசி ஒன்றேயாம்.

துணிகளை நிலத்திலே விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுருக்கம் சிறிதும் இல்லாதவாறு நீவிவிடுவர். விளிம்புகள் நகராதபடி பாரம் வைப்பர். இவ்வேலை ஒருவரால் ஆவதன்று. அயல்வீட்டுப் பெண்களும் வந்து கைகொடுப்பர். கோடைக்கு வேண்டிய விரிப்பாயின் சில மடிப்புகள் போதும். மாரிக்காலத்துப் போர்வையாயின் மடிப்புகள் மிகும். அடுக்கிய பின்னர் விளிம்புகளை மடித்துத் தைத்து, இடையிலும் நீண்ட தையல்களை ஓட்டித் துணிகளை ஒன்றோடொன்று பிணைப்பர். அதன்பின் அதனைச் சுருட்டி வைத்து, சமையலும் வயல்வேலையும் முடிந்து ஓய்வு கிடைக்கும் வேளைகளில் எடுத்துத் தைப்பர். ஒரு போர்வை முற்றுப்பெற மாதங்கள் செல்லும். சிறந்தவற்றுக்கு ஆண்டுகளே செல்வதுண்டு.

தையலோ மிகமிக எளியது. ஊசி ஒருமுறை மேலே வரும், ஒருமுறை கீழே போகும். நம் பாடசாலைகளிலே தையல் வகுப்பின் முதல் நாளன்று சிறுமியருக்குக் கற்பிக்கப்படும் நூலோட்டமே அது. முதலில் உருவத்தின் எல்லைக்கோட்டைத் தைப்பர். அதன் உட்புறத்தை வண்ண நூலால் நிரப்புவர். பின்னர் வெறுமையாகக் கிடக்கும் வெண்ணிறத் தளத்தை வெள்ளை நூலால், உருவத்தின் எல்லையைப் பின்பற்றியே சுற்றிச் சுற்றித் தைத்துச் செல்வர். இத்தையல் வரிசைகள் துணியைச் சிறிது சுருக்குவதால், குளத்திற் கல்லெறிந்தால் எழும் அலைவட்டங்களைப் போன்ற நெளிவுகள் தளமெங்கும் உண்டாகின்றன. நைந்த துணிக்கு மீண்டும் வலிமை தருவதும் இத்தையலே. அழகு தருவதும் இத்தையலே. பயனும் அழகும் ஒரே ஊசிமுனையிற் பிறக்கின்றன எனலாம்.

நீலத்தின் கதை

அந்நூல்களுக்கு நிறம் வந்த வழியையும் மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. இரசாயனச் சாயங்கள் தோன்றுமுன் நீலம் தந்தது அவுரிச் செடி. அதன் இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்நீரை நன்கு அடித்துக் கலக்கினால் நீலம் அடியிற் படியும். இந்நீலம் நீரிற் கரையாது. ஆதலின் காரம் சேர்ந்த தொட்டியிலே அதனை மீண்டும் புளிக்க வைத்துக் கரையும் நிலைக்குக் கொணர்வர். அத்தொட்டியில் தோய்த்த நூல் வெளியே வரும்போது மஞ்சள் கலந்த பச்சையாகத் தோன்றும். காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும். காற்றிலுள்ள ஒட்சிசன் செய்யும் மாயம் அது. மீண்டும் மீண்டும் தோய்க்கத் தோய்க்க நீலம் கருமையை எய்தும்.

சிவப்பு நிறம் வேர்களிலிருந்து கிடைத்தது. நுணாவின் வேரும் மஞ்சிட்டியும் இந்தியாவிற் பெரிதும் பயன்பட்டன. நமது நாட்டிலும் இத்தகைய வேர் ஒன்று புகழ்பெற்றிருந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மணற்பாங்கான நிலங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சாயவேரே அது. ஒல்லாந்தர் ஆட்சியில் அவ்வேர் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. வேர்ச்சாயம் தானாகப் பருத்தியிற் பற்றி நில்லாது. படிகாரநீரில் முன்னரே தோய்த்த துணியிலேதான் அது நிலைத்து நிற்கும். சாயத்துக்கும் துணிக்கும் இடையே படிகாரம் பிணைப்பாக அமைகின்றது.

வங்கத்து நீலத்துக்குக் கண்ணீர்க் கதையும் ஒன்று உண்டு. ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்காக நீலம் வேண்டிய ஆங்கிலத் தோட்டக்காரர், குடியானவருக்கு முற்பணம் கொடுத்து, நெல் விளையும் நிலத்தில் அவுரி விதைக்குமாறு வற்புறுத்தினர். அக்கடன் தீர்வதில்லை, தந்தை பட்ட கடன் மைந்தனையும் தொடர்ந்தது. 1859ஆம் ஆண்டில் நதியா, ஜசோர் முதலிய மாவட்டங்களின் உழவர்கள் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டிலே தீனபந்து மித்திரர் இக்கொடுமையை 'நீல தர்ப்பணம்' என்னும் நாடகமாக வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட குற்றத்துக்காக ஜேம்ஸ் லோங் என்னும் பாதிரியார் 1861இல் ஒரு மாதம் சிறையில் இருந்தார். 1897இல் ஜேர்மனியிலே தொழிற்சாலை நீலம் விற்பனைக்கு வந்தபின் அவுரித் தொழில் நிலைகுலைந்தது.

கிளர்ச்சி நிகழ்ந்த அந்த ஜசோர் மாவட்டமே காந்தாத் தையலுக்கும் பெயர்பெற்ற இடமாகும். வயலிலே நீலம் அடிமைத்தனத்தின் நிறமாக இருந்தது; வீட்டுத் திண்ணையிலே, சேலைக்கரையிலிருந்து உருவிய நீல இழையோ ஒரு தாயின் அன்பை எழுதும் மையாக இருந்தது. இரண்டையும் அறிந்தவன் குடியானவன் வீட்டுப் பெண்ணே.

ஊசி வரைந்த உலகம்

பெரும்பாலான காந்தாக்களின் நடுவிலே மலர்ந்து நிற்பது தாமரை. பல இதழ்களோடு வட்டமாக விரியும் அக்கமலத்திலிருந்தே தையல் தொடங்கி வெளிநோக்கிச் செல்லும். நான்கு மூலைகளிலும் நான்கு மரங்கள் நடுவை நோக்கிக் கிளைபரப்பி நிற்கும். இடைவெளியில் மாங்காய் வடிவமும் மீனும் மயிலும் யானையும் குதிரையும் ஓடமும் தேரும் இடம்பெறும். சீப்பு, கண்ணாடி, பாக்குவெட்டி போன்ற வீட்டுப் பொருள்களும் அங்கே உண்டு. இதிகாசக் காட்சிகளைத் தைத்தவர்களும் உளர். தாம் கண்ட புகைவண்டியைத் தைத்தவர்களும் உளர். இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒருங்கே வளர்த்த கலை இது.

பயனுக்கு ஏற்பப் பெயர்களும் வேறுபடும். மாரிக்காலப் போர்வை 'லேப்'. விருந்தினர்க்கு விரிப்பது 'சுஜனி'. கண்ணாடியையும் சீப்பையும் சுற்றிவைப்பது 'ஆர்ஷிலதா'. நூல்களைப் பொதிந்து வைப்பது 'போஸ்தானி'. இவை யாவற்றினும் மென்மையானது பிறந்த குழந்தைக்கென்று தைக்கும் சிறு காந்தா. நம் வீடுகளிலும் தாயின் பழஞ்சேலையிலேதான் குழந்தைக்கு ஏணை கட்டுகின்றோம். புதுத்துணியின் முரட்டுத்தன்மை பிஞ்சு மேனிக்கு ஆகாது என்பதை வங்கத்துத் தாயும் யாழ்ப்பாணத்துத் தாயும் ஒருவரையொருவர் காணாமலே அறிந்திருந்தனர்.

எழுத்தறியாதோர் எழுதிய ஏடு

அக்காலத்து வங்கத்திலே பெண்களிற் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு வாய்க்கவில்லை. அவர்களது வாழ்வைப் பற்றிய ஏடுகளும் அரிதாகவே உள்ளன. அவர்களே விட்டுச் சென்ற ஏடு காந்தா ஒன்றேயெனில் மிகையாகாது. அதிலே சிலர் தம் பெயரையும் தைத்து வைத்தனர். குல்னா மாவட்டத்து மானதாசுந்தரி என்னும் பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்த காந்தா இவற்றுட் புகழ்பெற்றது. சிப்பாய்களும் கனவான்களும் வீட்டு மாந்தரும் அதில் நெருக்கமாக இடம்பெற்றுள்ளனர். அதனைத் தம் கையாலேயே செய்து தந்தைக்கு அளித்ததாக அவர் அதில் எழுத்துக்களால் தைத்துள்ளார். ஒரு மகளுக்குத் தந்தையிடம் கூற எத்தனையோ இருந்திருக்கும். அவற்றை அவர் ஊசியாற் கூறினார்.

1929ஆம் ஆண்டிலே கவிஞர் ஜசீமுத்தீன் 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைப்பாடலை வெளியிட்டார். பூத்தையற் போர்வையின் வயல் என்பது அப்பெயரின் பொருள். கணவனைப் பிரிந்த நாட்டுப்புற மங்கை தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவிலே தைத்து, தான் இறந்தபின் அதனைத் தன் கல்லறைமீது விரிக்குமாறு வேண்டிக்கொள்ளும் துயரக் கதை அது. பூத்தையல் காந்தாவை 'நக்ஷி காந்தா' என்று எங்கும் அழைக்கும் வழக்கம் அப்பாடலுக்குப் பின்னரே பரவிற்று.

ஏறத்தாழ அதே காலத்திற் குருசதய் தத்தர் என்னும் ஆட்சிச்சேவை அதிகாரி, தாம் பணிபுரிந்த மாவட்டங்களின் சிற்றூர்தோறும் சென்று காந்தாக்களையும் பிற நாட்டுப்புறக் கலைப்பொருள்களையும் சேகரித்தார். 1941இல் அவர் மறைந்தார். அவர் தேடிய செல்வத்தைக் கொண்டு கல்கத்தாவை அடுத்த ஜோக்காவிலே 1963இல் ஓர் அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் கலைவரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1939இல் காந்தாவைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வரைந்தார். அவர் சேர்த்த காந்தாக்கள் அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா கலை அரும்பொருட்சாலையைச் சென்றடைந்தன. அவ்விருவரும் தேடிச் சேர்க்காதிருந்தால் அவற்றிற் பல, பாவித்துப் பாவித்து மீண்டும் கந்தையாகி மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

அன்பளிப்பு விலைப்பொருளானது

1947இல் வங்கம் இரண்டாகப் பிரிந்தது. ஆலையிற் செய்த மலிவான போர்வைகள் சந்தையை நிரப்பின. தையற்கலை தளர்ந்தது. பின்னர் 1971ஆம் ஆண்டுப் போரின் முடிவிலே பங்களாதேஷ் பிறந்தபோது, கணவனையும் வீட்டையும் இழந்து நின்ற எண்ணற்ற பெண்களுக்குத் தொழில் தேட வேண்டியதாயிற்று. அவர்களிற் பலருடைய கையில் மிஞ்சியிருந்தது பாட்டி கற்பித்த தையல் ஒன்றே. அதனைத் தொழிலாக்கச் சமூக நிறுவனங்கள் முன்வந்தன. 1978இல் தொடங்கப்பட்ட 'ஆரொங்' விற்பனை நிலையம் நாட்டுப்புறப் பெண்களின் கைவேலையை நகரத்தாரிடம் கொண்டு சென்றது. மேற்கு வங்கத்திலும் சாந்திநிகேதனத்தின் செல்வாக்கினாற் காந்தாத் தையல் பட்டுச்சேலைகளில் இடம்பெற்றது. 2008இல் மேற்கு வங்கத்து நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரீதிகணா கோஸ்வாமி அம்மையாருக்கு 2023இலும், தக்தீரா பேகம் அம்மையாருக்கு 2024இலும், இத்தையற்கலைக்காகவே இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

இவை யாவும் மகிழ்ச்சிக்குரியனவே. ஊசியொன்றைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் பலர். எனினும் இங்கே நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. முன்னாளிலே ஒருத்தி தன் மகளுக்காகத் தைத்தாள். உருவங்களைத் தானே வகுத்தாள். தன் பெயரையும் தைத்தாள். இன்றோ பெரும்பாலும் ஒருவர் உருவம் வரைகின்றார். மற்றொருவர் நூல் தருகின்றார். இடைத்தரகர் துணியைக் கொண்டுவந்து கொடுத்துத் திரும்பப் பெறுகின்றார். தைப்பவளுக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கின்றது. மாதக்கணக்கில் ஓடிய ஊசிக்கும் கடையில் எழுதிய விலைக்கும் இடையே நெடுந்தூரம் இருக்கின்றது. போர்வையின் மூலையிலே கடையின் பெயர் இருக்கின்றது. கையின் பெயர் இல்லை.

விலைக்குத் தைப்பது இழிவு என்று நாம் கூறவில்லை. பசித்த வீட்டிலே கலைக்கு முதற்கடமை சோறு தருவதே. ஆனால் எழுத்தறியாத காலத்திலும் தன் பெயரைத் தைத்து வைத்த பெண், எழுத்தறிந்த காலத்திலே பெயரற்றவளாகிவிடுதல் நியாயமாகுமா? கைவேலைப் பொருள் ஒன்றை விலைபேசும்போது, 'இதனைத் தைத்தவர் யார்? அவருக்குக் கிடைத்தது எவ்வளவு?' என்று கேட்டுப் பழகுவது வாங்குவோர் கடமையாகும். குறைத்துக் கேட்கும் ஒவ்வொரு ரூபாவும் யாருடைய கையிலிருந்து குறைகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் வீட்டிலும் தைக்கலாம்

விடுமுறை நாட்களிலே நம் மாணவியரும், ஏன், மாணவரும்கூட இதனைச் செய்து பார்க்கலாம். ஆறு யார் நீளமுள்ள பழைய பருத்திச் சேலை ஒன்று போதும். அதனை மூன்று சம துண்டுகளாக்கி அடுக்கினால், ஏறத்தாழ ஆறடி நீளமும் மூன்றே முக்காலடி அகலமும் கொண்ட மும்மடிப் போர்வைக்கு வேண்டிய துணி கிடைக்கும். முதலில் துணியை வெந்நீரில் தோய்த்துப் பசை போக்குக. ஈரத்துணியின்மீது வெள்ளைத் துணியொன்றை அழுத்திப் பார்த்து, சாயம் இறங்குகின்றதா என்று அறிந்துகொள்க. இறங்குமாயின் நீர் தெளியும்வரை அலசுதல் வேண்டும்.

கையாற் சாயமிட விரும்புவோர் வெள்ளைத் துணியைக் கடுக்காய் நீரிலும், பின்னர் படிகார நீரிலும் ஊறவைத்து உலர்த்திக்கொள்ளலாம். உலர்ந்த மாதுளந்தோலையோ வெங்காயச் சருகையோ ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடித்து, அந்நீரில் துணியை இட்டு மெல்லச் சூடாக்கினால் இனிய மஞ்சளும் பொன்னிறமும் கிடைக்கும். சாயமிட்ட துணியை நிழலில் உலர்த்துக. சமையற் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தலாகாது. மஞ்சட்கிழங்கு எளிதிற் பற்றும்; ஆயின் வெயில் பட்டால் விரைவில் வெளிறிவிடும்.

துணிகளைத் தரையில் விரித்து நீவி, ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக நீண்ட தற்காலிகத் தையல்களை இடுக. நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கித் தைத்தால் சுருக்கம் விழாது. நூல் ஒரு முழத்துக்கு மேற்பட்டாற் சிக்கும். தையல் ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம் இருத்தல் நன்று. முடிச்சை மடிப்புகளுக்கு இடையே மறைத்துவிடுக. நூலை இறுக இழுக்காது, துணி மூச்சுவிடும் அளவுக்குத் தளர்வாக விடுக. உருவம் வரையத் தெரியாதவர் கலங்க வேண்டியதில்லை. ஒரு மாவிலை, ஒரு பனைமரம், முற்றத்துக் கோலம், தங்கை வரைந்த பூனை எதுவும் ஆகும்.

தொடங்குமுன் வீட்டிலுள்ள மூத்தவரை அழைத்துப் பக்கத்தில் இருத்திக்கொள்வது சிறப்பு. அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சேலைக்கும் அவரிடம் ஒரு வரலாறு இருக்கும். எந்தப் பொங்கலுக்கு வாங்கியது, யாருடைய திருமணத்துக்கு உடுத்தது, எந்தப் பிள்ளைக்கு ஏணையானது என்று அவர் கூறக் கூற, மூன்று மடிப்புத் துணிக்குள்ளே ஒரு குடும்பத்தின் வரலாறும் சேர்த்துத் தைக்கப்படும். ஊசி மெல்ல ஓடுவதாற் பேசுவதற்கு நேரமும் நிறைய உண்டு.

நமது சேலைக்கரையிலே இன்று அவுரி நீலம் இல்லை. சாயவேர்ச் சிவப்பும் இல்லை. ஆயினும் நைந்ததை எறிந்துவிடாது அதற்கு மற்றொரு வாழ்வு கொடுக்கும் மனப்பான்மை கடையிற் கிடைப்பதன்று. அது வீட்டிலே கற்க வேண்டியது. போர்வை முடிந்ததும் ஒரு மூலையில், சிறிய எழுத்திலே, தைத்தவர் பெயரையும் ஆண்டையும் தைத்து வையுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதனைப் போர்த்திக்கொள்ளும் பேரப்பிள்ளை அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்ப்பான். அது யாருடைய கை என்பதை அறிந்துகொள்வான்.